தென்னை உயரத்தில் ஒரு மா நிலம்

கோரைமங்கலத்துக்காரர்கள் எதிலும் ஒத்துப்போகாதவர்கள். ஆனாலும் அந்த ஐப்பசி மாதத்துப் புதன்கிழமையைப் பற்றிக் கேட்டால் மட்டும் எல்லோரும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள்: அன்றைக்குக் காலையில் ஏற வேண்டியது ஏறத்தான் செய்தது, ஏற வேண்டிய ஆள்தான் மாறிப்போனது.

அந்த வருஷம் சம்பாப் பயிரில் ஆனைக்கொம்பன் பூச்சி விழுந்திருந்தது. பேர்தான் ஆனை, ஆள் கொசுவைவிடச் சிறிசு. குருத்துக்குள் ஒரு தரம் புகுந்துவிட்டால் பயிர் வெங்காயத்தாள் மாதிரி உருண்டு வெளுத்து நீண்டு நிற்குமே தவிர, கதிர் என்று ஒன்றை எட்டிக்கூடப் பார்க்காது. கைத்தெளிப்பான் வைத்து அடித்துப் பார்த்து, வேப்பங்கொட்டை இடித்துப் பார்த்து, மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டுப் பார்த்து, எதற்கும் அது மசியாமல் போன பிறகுதான், மருந்தடிக்கிற விமானம் ஒன்றை வரவழைப்பது என்று முடிவானது. ஊருக்குக் கிழக்கே மேய்ச்சல் புறம்போக்கில் முள்ளை வெட்டி, மேட்டைச் சீவி, ரோலர் விட்டு உருட்டி, விமானம் ஓட ஒரு பாதை போட்டார்கள். அந்தப் பாதை மேற்கே போய் முடிகிற இடத்தில், ஒரு வரப்பு தாண்டினால், தையல்நாயகியின் ஒரு மா வயல் இருந்தது, நூறு குழி, ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு.

தையல்நாயகிக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. புருஷன் வைரக்கண்ணுவின் குடும்பத்து நிலம் வேறு இருந்தாலும், இந்த ஒரு மா மட்டும் அவள் அப்பா சீதனமாக வாங்கி அவள் பேருக்கு எழுதிக்கொடுத்தது, அதனால் அதில் அவள் வேறு யார் கையையும் அண்டவிடுவதில்லை. அதற்கு மேற்கே ஒட்டினாற்போல இருந்தது அவள் ஓரகத்தி, வைரக்கண்ணுவின் அண்ணன் மனைவி ஜெகதாம்பாளின் வயல். மூத்தார் காலமாகிப் பத்து வருஷம், இரண்டு பெண்களுக்கும் பேச்சுவார்த்தை நின்று ஒன்பது வருஷம். காரணம் இருவருக்கும் நடுவிலிருந்த வரப்பு. இவள் கிழக்குப் பக்கம் சீவுவாள், அவள் மேற்குப் பக்கம் சீவுவாள், மாட்டுவண்டி போன வரப்பு இளைத்து இளைத்து, கடைசியில் அதன் மேல் ஒரு கொக்கு நிற்பதென்றாலும் ஒற்றைக்காலில்தான் நிற்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

விமானத்தை ஓட்டிவந்த பைலட்டின் பேர் வெல்லிங்டன், நாகர்கோவில் பக்கத்துக்காரன், முப்பது வயசு, மீசையில்லாத முகம். முதல் இரண்டு நாள் அவன் தெற்குவெளி முழுக்க மருந்தடித்தான், ஊரே கூரைமேல் ஏறி நின்று பார்த்தது. மூன்றாம் நாளுக்கு முந்தின ராத்திரி மழை பெய்து பாதை ஊறிப்போயிருந்தது. அது போதாதென்று, ஊர் வரியும் வழக்கும் பார்க்கிற பட்டாமணியார் சாம்பமூர்த்தி வந்து, "ஒரே தூக்குல கீழவெளியை முடிச்சுடுங்க தம்பி, நாளைக்கு நாள் நல்லாயில்ல" என்று சொல்ல, விமானத்தின் வயிற்றுத் தொட்டியில் கழுத்துமுட்ட மருந்தை நிரப்பினார்கள். வயலில் யாரும் நிற்கக்கூடாதென்று தண்டோரா போட்டாயிற்று. ஆனால் தையல்நாயகி நின்றாள். விடிந்து போய்ப் பார்த்தால் வரப்பில் புதுசாக ஒரு மண்வெட்டிக் கொத்து இருந்தது, அதை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் உட்கார அவளால் முடியவில்லை.

விமானம் கிழக்கேயிருந்து புறப்பட்டு, சேற்றை இரண்டு பக்கமும் வாரியடித்துக்கொண்டு, ஓடி, இன்னும் ஓடி, ஏறுகிற இடம் வந்தும் ஏறாமல், நிற்கிற இடம் வந்தும் நிற்காமல், பாதை தீர்ந்துபோய், வரப்பை உடைத்துக்கொண்டு தையல்நாயகியின் வயலுக்குள் மூக்கை நுழைத்தபோது, வெல்லிங்டன் கண்ணை மூடிக்கொண்டு, கர்த்தரைக் கூப்பிட்டுக்கொண்டு, கையிலிருந்த கம்பியைப் பலம் கொண்ட மட்டும் தன் நெஞ்சுக்கு இழுத்தான். அவன் இழுத்த இழுப்புக்கு ஏதாவது ஒன்று ஏறித்தான் ஆக வேண்டும். விமானம் சேற்றில் பதிந்து நின்றது. வயல் ஏறியது.

நாலு பக்கத்து வரப்போடும், ஒன்றரை முழ ஆழத்துக்கு அடிமண்ணோடும், நின்ற பயிரோடும், பயிருக்கு நடுவே நின்ற தண்ணீரோடும், தண்ணீரில் இருந்த தவளையோடும், வரப்பு வளையில் இருந்த நண்டோடும், மண்வெட்டியும் கையுமாக நின்ற தையல்நாயகியோடும், அந்த ஒரு மா நிலம் பாயை உதறித் தூக்கினாற்போலச் சுருக்கமில்லாமல் மேலே போய், வயலோரத்துப் பிள்ளையார் மேட்டுத் தென்னைமரத்தின் குரும்பைக்குச் சரியாக வந்ததும், அதுவே தன் இடம் என்பதுபோல் நின்றுவிட்டது. கீழே, வயல் இருந்த இடத்தில் இருந்தது ஒரு சதுரப் பள்ளம். பள்ளத்துக்குள் எருமை படுத்தாற்போல விமானம், அதன் மூக்கில் ஒரு கோரைக்கற்றை, அதனுள்ளே உடம்பில் ஒரு கீறலும் இல்லாத வெல்லிங்டன்.

தையல்நாயகி வரப்போரம் வந்து கீழே எட்டிப் பார்த்தாள். கூட்டம் சேர்ந்துவிட்டிருந்தது. வைரக்கண்ணு கையைக் கண்ணுக்குக் குடையாக வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றான்.

"ஏ தையலு, அங்க என்னா பண்றே?"

"களை கெடக்கு, எடுக்கப்போறேன். எடுக்காம எப்புடி எறங்குறது? நீங்க போயி பானையில பழையது இருக்கு, கொண்டாங்க."

"எப்புடிக் கொண்டாரது?"

"அதையும் நாந்தான் சொல்லணுமா?"

இதற்குப் பிறகு கூட்டத்தில் யாரும் அண்ணாந்து வாய் பிளக்கவில்லை. பழையது எப்படி மேலே போகும் என்பதுதான் அன்றைக்குப் பேச்சாக இருந்தது. தென்னை ஏறுகிறவர் வந்து மரத்தின் மேல் ஒரு கயிறு போட்டு, கூடை கட்டி, சோற்றை ஏற்றினார். சாயங்காலத்துக்குள் இரண்டு மூங்கில் ஏணியை நுனியோடு நுனி கட்டி வயலின் கிழக்கு வரப்பில் சாத்தினார்கள். தையல்நாயகி களையை எடுத்து முடித்து, காலைக் கழுவிக்கொண்டு, ஏணி வழியாக இறங்கி வந்து உலை வைத்தாள்.

மறுநாள் முதல் அது ஊர் வழக்கமாகிவிட்டது. விடிந்தால் அவள் ஏறுவாள், பொழுது சாய்ந்தால் இறங்குவாள். அடியில் நடந்து போகிறவர்கள் தலைக்கு முறத்தைப் பிடித்துக்கொண்டார்கள், ஏனென்றால் அடிமண்ணிலிருந்து மண்புழுவும் நண்டும் உதிரும். நண்டு விழுந்தால் மட்டும் முறத்தை மல்லாத்திப் பிடிப்பார்கள். காற்று பலமாக அடித்த ஒரு நாள் வயல் மெல்ல மேற்கே நகரப் பார்த்ததைக் கண்டு, பட்டாமணியார் கோவில் கொட்டகையிலிருந்து தேர்வடத்தை எடுத்துவரச் சொன்னார். "தேரு ஓடித்தான் ஆறு வருஷம் ஆச்சு, வடமாச்சும் வேலை செய்யட்டும்" என்றார். வடத்தின் ஒரு முனையை வயலுக்கடியில் குறுக்காகப் போட்டுக் கட்டி, மறுமுனையை ஊரிலேயே கனமான பொருளோடு பிணைத்தார்கள். ஊரிலேயே கனமான பொருள் பள்ளத்தில் கிடந்த விமானந்தான்.

தாலுக்காவிலிருந்து சர்வேயர் வந்தார். ஏணியில் ஏறி, சங்கிலி போட்டு நாலு பக்கமும் அளந்து, நூறு குழிக்கு நூறு குழி சரியாக இருக்கிறது, ஒரு விரற்கடை குறையவில்லை என்று திருப்தியாகச் சொன்னார். அப்புறம் நான்கு எல்லையையும் எழுத உட்கார்ந்தவர் பென்சிலைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்து, வடக்கே காற்று, தெற்கே காற்று, கிழக்கே காற்று, மேற்கே ஜெகதாம்பாள் நிலத்துக்கு மேலுள்ள காற்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேறு விமானம் அனுப்பச் சொல்லி ஊர் எழுதிய கடுதாசிக்கு, ஓடுபாதையின் முடிவில் தென்னை உயரத்துக்கு இடைஞ்சல் ஒன்று இருப்பதாக அறிகிறோம், அது அகற்றப்படும்வரை எந்த விமானமும் வராது என்று கம்பெனியிலிருந்து பதில் வந்தது. ஆக, கீழவெளிக்கு மருந்து இல்லை. ஆனைக்கொம்பன் சாவகாசமாகச் சாப்பிட்டான்.

ஜெகதாம்பாளுக்கு இதில் இரண்டு குறை. ஒன்று, காலை வேளையில் அந்த வயலின் நிழல் முழுக்க அவள் வயலின் மேல் விழுந்தது. இரண்டு, மழை பெய்தால் தையல்நாயகி மடையைத் திறந்துவிடுவாள், தண்ணீர் தென்னை உயரத்திலிருந்து ஜெகதாம்பாள் வயலோரத்தில் கொட்டிக் குழி பறிக்கும். ஜெகதாம்பாள் நெற்குதிர் மாதிரி ஆள். நடந்து வந்தால் வரப்பு முன்கூட்டியே விலகிக்கொள்ளும் என்று சொல்வார்கள். அவள் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டிலிருந்த பெரிய அண்டாவைத் தூக்கிவந்து, தண்ணீர் விழுகிற இடத்தில் கவிழ்த்து வைத்தாள். அதன் பிறகு மழை பெய்கிற நாளெல்லாம் அண்டாவின் முதுகில் தண்ணீர் விழுந்து, டம் டம் டம் டம் என்று ஊர் முழுக்கக் கேட்டது. ஜெகதாம்பாள் திட்டுகிறாள் என்றே எல்லோரும் அதை எடுத்துக்கொண்டார்கள், தையல்நாயகியும்.

நிழல் வழக்கு பஞ்சாயத்துக்கு வந்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பட்டாமணியாரைப் பார்த்தே பேசினார்கள்.

"நெழலு அவுங்க வரப்புக்குள்ளயே விழுவணும்னு சொல்லுங்க" என்றாள் ஜெகதாம்பாள்.

"நெழலுக்கு நான் கயிறா கட்டி வெச்சிருக்கேன்னு கேளுங்க" என்றாள் தையல்நாயகி.

பட்டாமணியார் வெற்றிலையை மென்று துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "நெழலுங்கிறது மாடு மாதிரி. காலையில அவுத்துவுட்டா அங்க இங்க மேயும், சாயங்காலம் அதும்பாட்டுக்கு வீடு திரும்பும். பயிரைக் கடிச்சிருந்தா சொல்லும்மா, பட்டியில அடைச்சுடலாம்." நிழல் பயிரைக் கடித்ததாக ஜெகதாம்பாளால் நிரூபிக்க முடியவில்லை.

இதற்கிடையில் வெல்லிங்டன் ஊரிலேயே தங்கிவிட்டான். விமானத்தை ஏற்றிப்போக லாரி வர வேண்டும், லாரி வர ரோடு காய வேண்டும், ரோடு காய மழை விட வேண்டும். பள்ளத்தில் கொட்டிய மருந்துத் தண்ணீரில் ஆடுமாடு வாய் வைத்துவிடாமல் அவனே முள்வேலி கட்டினான். தினமும் காலையில் குளித்து, தலைசீவி, பித்தளைப் பொத்தான் வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு நோட்டையும் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி வந்து தையல்நாயகியிடம், காற்று எந்தப் பக்கம், வயல் எந்த உயரம், வயலில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்வான்.

"இதெல்லாம் எதுக்குத் தம்பி?" என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"எக்கா, நான் ஏத்துனதுல்லா. ஏத்துனவன் எறக்கிப்போட்டுத்தான் நோட்டுல கையெழுத்து இடணும். அது வரை நான் பறந்துகிட்டு இருக்கேன்னுதான் கணக்கு."

"நீயி தரையிலதானே இருக்கே?"

"அதைத்தான் கம்பெனிக்காரனும் கேக்கான்."

அவனிடமிருந்து அவள் காற்றைப் பார்க்கக் கற்றுக்கொண்டாள், தென்னை ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது, நாரை எந்தப் பக்கமாக இறங்குகிறது என்று. அவளிடமிருந்து அவன் களை எது, பயிர் எது என்று கற்றுக்கொண்டான். முதல் வாரம் அவன் பிடுங்கியதில் பாதி பயிர். அதற்கு அவள் திட்டிய திட்டு கீழே மூன்று தெருவுக்குக் கேட்டது.

ஆனால் யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம் தையல்நாயகிக்கு இருந்தது. அவளுக்கு அங்கே பிடித்துப்போயிருந்தது. பதினாறு வயதில் இந்த ஊருக்கு வந்ததிலிருந்து, தையலு இங்க வா, தையலு அதை எடு, தையலு இதை எங்கே வைத்தாய் என்று கூப்பிடாமல் ஒரு நாழிகை கழிந்ததில்லை. மேலே நின்றால் கூப்பிடுகிறவன் ஏணி ஏற வேண்டும். வைரக்கண்ணுவுக்கு உயரம் என்றால் தலைசுற்றும், ஏழாவது படியிலேயே கண்ணை மூடிக்கொண்டு, "இருக்கட்டும், நானே தேடிக்கிறேன்" என்று இறங்கிவிடுவான். மழை விட்ட நாளில் தெற்கே பார்த்தால் அலையாத்திக் காடும், அதற்கப்பால் பித்தளைத் தாம்பாளம் மாதிரி கடலும் தெரிந்தது. இருபத்தாறு வருஷம் அந்தக் கடலின் உப்புக்காற்றைக் குடித்திருக்கிறாள், கண்ணால் பார்த்தது இப்போதுதான்.

கார்த்திகை போய் மார்கழி வந்தபோது ஊர் ஒரு விஷயத்தைக் கவனித்தது. கீழே கீழவெளி முழுக்க வெங்காயத்தாள். தெற்குவெளியிலும் மருந்தின் வேகம் அடங்கியதும் பூச்சி திரும்பி வந்து பாதியைத் தின்றிருந்தது. மேலே மட்டும், அந்த ஒரு மாவில் மட்டும், பயிர் கருகருவென்று பொதி கட்டி, கதிர் வாங்கி நின்றது. ஆனைக்கொம்பனின் சிறகு தென்னை உயரம் தாங்கவில்லை. அடுத்த வருஷத்துக்கு விதை என்று ஊரில் ஒன்று இருக்குமானால் அது தையல்நாயகியின் வயலில்தான் இருந்தது. அதுவரை அவளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது, "என்னா தையலு, கதிரு முத்திடுச்சா?" என்று பாதையில் நிறுத்தி விசாரித்தார்கள்.

பால் பிடித்துக் கதிர் கனக்க ஆரம்பித்ததும் வயல் இறங்கத் தொடங்கியது. தென்னைமரத்தின் உடம்பில் மட்டை விழுந்த வரிகள் இருக்குமே, அதில் நாளைக்கு இரண்டு வரி வீதம் இறங்கியது. ஊருக்குச் சந்தோஷம். தையல்நாயகி தினமும் வரியை எண்ணிப் பார்ப்பாள். கடல் ஒருநாள் கோடாகி, ஒருநாள் அதுவும் இல்லாமல் போனது. அன்றைக்கு அவள் வெல்லிங்டனை நோட்டோடு ஏணிப்படியிலிருந்தே திருப்பி அனுப்பினாள்.

தை பிறந்து, நெல் பழுத்து, வயல் ஓர் ஆள் உயரத்துக்கு வந்து, அதற்கு மேல் இறங்க மறுத்துவிட்டது. வெல்லிங்டன் நோட்டை வைத்துக்கொண்டு கூட்டிக் கழித்து, முகம் வாடி, அவளிடம் வந்தான்.

"எக்கா, ஒரு சங்கதி. கதிரு கனத்துலதான் இது இவ்வளவு எறங்கியிருக்கு. இப்பிடியே அறுத்தோமுன்னு வையுங்க, ஒவ்வொரு கட்டு எறங்க எறங்க இது ஏறும். கடைசிக் கட்டு எறங்கும்போ தென்னைக்கு மேல போயிரும். வடமும் தாங்காது. பொறவு இது எங்க போவும்னு எனக்குத் தெரியாது."

"அறுக்காம வுட்டா?"

"நெல்லு உதிரும். உதுந்தாலும் ஏறும்."

"நான் மேலயே இருந்துட்டா?"

வெல்லிங்டன் அவளைப் பார்த்தான். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்ததும், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு சொன்னான்: "இருக்கலாம். நானும் மேல போற ஒவ்வொரு தடவையும் அப்பிடித்தான் நெனைப்பேன். பெட்ரோலு தீந்துரும், அதனால எறங்கிருவேன்."

அவள் வரப்பில் உட்கார்ந்து ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள். அரிசி முழுசாக, நொய் விழாமல் வந்தது. கீழே பாதையில் போன இரண்டு பெண்கள் நின்று வயலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். விதை வேண்டும் என்று கேட்கக்கூட இல்லை, பார்த்துவிட்டுத்தான் போனார்கள். அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"எறக்குற வழியைச் சொல்லு" என்றாள்.

வழி, பாரம் ஏற்றுவதுதான். பட்டாமணியார் கல் ஏற்றலாம் என்றார். "என் வயல்ல கல்லா? நீங்க உங்க சோத்துல போட்டுக்குங்க" என்றாள் தையல்நாயகி. மணல் மூட்டை என்றார். மணல் சிந்தினால் மண் கெட்டுவிடும் என்றாள். கடைசியில், ஏற்றினால் ஏறவும் இறக்கினால் இறங்கவும் தெரிந்த, சிந்தாத, வயலைக் கெடுக்காத பாரம் மனுஷன்தான் என்று முடிவானது. முதல் நாள் பதினோரு ஜோடி மாட்டைக் கட்டி விமானத்தைப் பள்ளத்திலிருந்து இழுத்துப் போட்டார்கள், பள்ளத்துத் தண்ணீரை வடித்தார்கள். மறுநாள் காலை, ஊர் முழுக்க நாலு பக்கத்து வரப்பிலும் ஏறி நெருக்கியடித்து நின்றது. பட்டாமணியார் ஏறினார், பொங்கலுக்கு வந்திருந்த மாப்பிள்ளைமார் ஏறினார்கள், ஏதோ கையெழுத்துக்காக வந்த சர்வேயரையும் விடவில்லை. வைரக்கண்ணு கண்ணைக் கட்டிக்கொண்டு ஏறினான். வெல்லிங்டன் கீழே வடத்துப் பக்கம் நின்று, வடக்குப் பக்கம் நாலு பேர் குறையுங்கள், தெற்கே தள்ளி நில்லுங்கள், யாரும் தும்மாதீர்கள் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல, நூற்றைம்பது பேர் பாரத்துக்கு வயல் பெருமூச்சு விட்டாற்போல இறங்கி, இறங்கி, பள்ளத்தின் வாய்க்கு ஒரு சாண் உயரத்தில் வந்து நின்றது.

அப்புறம் அசையவில்லை. குதித்துப் பார்த்தார்கள், குலுங்கியது. சாப்பிட்டுவிட்டு வந்து நின்று பார்த்தார்கள், ஒரு விரற்கடை இறங்கியது.

"இன்னும் ஒரே ஒரு ஆளு வேணும்" என்றான் வெல்லிங்டன். "நல்ல கனமான ஆளா."

எல்லோரும் தையல்நாயகியைப் பார்த்தார்கள். ஏறாமல் மிச்சமிருந்த ஆள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். தையல்நாயகி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குதித்து இறங்கினாள். அவள் இறங்கிய பாரத்துக்கு வயல் ஒரு முழம் மேலே போக, நூற்றைம்பது பேரும் ஐயோ என்று ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

ஜெகதாம்பாள் தன் வயலில், வெங்காயத்தாளுக்கு நடுவில், பிடுங்க ஒன்றுமில்லாத இடத்தில் எதையோ பிடுங்கிக்கொண்டிருந்தாள். தையல்நாயகி அந்த வயலோரம் வந்து நின்றாள். ஒன்பது வருஷத்தில் முதல் வார்த்தை என்னவாக இருக்க வேண்டும் என்று அவள் நடந்து வருகிற வழியெல்லாம் யோசித்துத்தான் வந்திருந்தாள். வந்தது வேறு.

"அக்கா, ஒங்க ஒடம்பு வேணுங்கா."

ஜெகதாம்பாள் நிமிரவில்லை. "எதுக்காம்?"

"வயல எறக்க. நூத்தம்பது பேரு ஏறியும் எறங்கல."

"நூத்தம்பது பேரு செய்யாததையா நான் செய்யப்போறேன்?"

"நீங்க செய்வீங்க. எல்லாருக்கும் தெரியும்."

இது ஏச்சா புகழ்ச்சியா என்று ஜெகதாம்பாள் சற்று யோசித்தாள். பிறகு இடுப்பில் கையை ஊன்றி மெல்ல நிமிர்ந்தாள். "எறக்குனா எனக்கு வெத உண்டா?"

"ஊருக்கே உண்டு. ஒங்களுக்கு மொதல்ல."

"ஏணியில எல்லாம் நான் ஏற மாட்டேன்."

"இடுப்பு ஒசரந்தான்கா இருக்கு. நாங்க தூக்கிவுட்டுடறோம்."

தூக்கிவிட ஆறு பேர் வேண்டியிருந்தது. ஜெகதாம்பாள் மேற்கு வரப்பில் முதல் காலை வைத்தாள், வயல் சாய்ந்தது. இரண்டாம் காலை வைத்தாள். அவ்வளவுதான், தொப்பென்ற ஒரு சத்தம் மூன்று ஊருக்குக் கேட்டது. பள்ளத்தின் ஓரத்துச் சேறெல்லாம் நாலு பக்கமும் பீறிட்டது, வரப்பில் நின்றவர்கள் சர்வேயர் உள்பட வெளிப்பக்கமாக மல்லாந்து விழுந்தார்கள். நின்றுகொண்டிருந்தது ஜெகதாம்பாள் ஒருத்திதான்.

"பாரத்தை வுட்டுறாதீங்க, ஏறுங்க, ஏறுங்க!" என்று வெல்லிங்டன் கத்தினான். சேற்றோடு சேற்றாக எல்லோரும் மறுபடி ஏறினார்கள். வாய்க்காலை வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். மேல் சேறும் கீழ் சேறும் ஊறி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள ஒரு பொழுது ஆகும், அதுவரை ஒருவரும் இறங்கக்கூடாது. ஆளுக்கொரு அரிவாளை எடுத்து நடுவிலிருந்து அறுக்க ஆரம்பித்தார்கள். அறுத்த நெற்கட்டையும் இறக்காமல் வரப்பிலேயே அடுக்கி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள். மத்தியானச் சோறு கீழேயிருந்து கைமாறி கைமாறி வந்தது. வெல்லிங்டன் மட்டும் பள்ளத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து குனிந்து மண் சேர்ந்த இடத்தைத் தடவிப் பார்த்து, பொழுது சாய்கிற நேரத்தில் நோட்டை விரித்து, தேதி போட்டு, இறங்கியாயிற்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அப்புறம் உட்கார்ந்து, மூன்று மாதமாக அழாத அழுகையை அழுதான். ஊர்க்காரர்கள் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

மேற்கு வரப்பில் கட்டுகளின் மேல் ஜெகதாம்பாளும் தையல்நாயகியும் உட்கார்ந்திருந்தார்கள். இறங்கலாம் என்று சொல்லிவிட்டாலும் முதல் ஆளாக இறங்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. யாரும் எழுந்திருக்காததால் அவர்களும் எழுந்திருக்கவில்லை. இருவரும் காலில் காய்ந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்டி, மேலேருந்து எல்லாம் தெரிஞ்சுதாமே" என்றாள் ஜெகதாம்பாள்.

"தெரிஞ்சுது. கடலு தெரிஞ்சுது."

"கடலு கெடக்கு. எங்க வூட்டுக் கூரை தெரிஞ்சுதா?"

"ம்."

"எப்புடியிருந்துச்சு?"

தையல்நாயகி கண்ணை மூடிப் பார்த்தாள். தினமும் அந்தக் கூரையைப் பார்த்திருக்கிறாள், பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்திருக்கிறாள்.

"ஓட்டைக்கா. மேலண்டை மொகட்டுல ரெண்டு. அடுப்படிக்கு மேல ஒண்ணு பெரிசா, ஒரு ஆடு விழுவுற மாரி."

"அதான்" என்றாள் ஜெகதாம்பாள். "பத்து வருசமா எந்த எடத்துல ஒழுகுதுன்னே தெரியாம, பாத்திரத்தை மாத்தி மாத்தி வெச்சுக்கிட்டுக் கெடக்கேன்."

தையல்நாயகி தான் உட்கார்ந்திருந்த நெற்கட்டைக் கையால் அழுத்திப் பார்த்தாள். உயரத்தில் வளர்ந்த வைக்கோல், நீளமாக, பூச்சி தொடாமல், மஞ்சளாக இருந்தது. பிறகு எழுந்து, ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, வரப்பை விட்டுக் கீழே காலை வைத்தாள். வயல் அசையவில்லை. இரண்டாம் காலையும் வைத்துவிட்டு, கண்கட்டை இன்னும் அவிழ்க்காமல் கிழக்கு வரப்பில் உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்து, உயரத்திலிருந்து கூப்பிட்டுப் பழகிய அதே குரலில் கூப்பிட்டாள்.

"இந்தாங்க, கண்ணை அவுத்துட்டு வாங்க. நெல்லை அடிச்சதும் மொத வேலை அக்கா வூட்டுக் கூரை. நான் கீழ நின்னு எடத்தைச் சொல்றேன். நீங்க ஏறுங்க."